ஸ்போர்ட்ஸ் கார் வாங்கறவங்க நெஜமா எப்படி ஓட்டறாங்க? ஒர்க்‌ஷாப்ல நான் பாத்தது

போன மாசம் ஒரு தம்பி வந்தாப்ல. செகண்ட்ஸ்ல ஒரு போர்ஷே 911 பாத்துருக்கேன்ணா, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்து சொல்லிருங்கன்னு. விக்கறவரும் கூடவே வந்துருந்தார், நல்ல மனுசன், காரும் வெளிய பாக்க கண்ணாடி மாதிரி இருந்துச்சு. 11,200 கிமீ தாங்க ஓடிருக்கு, ஞாயித்துக்கெழம காலைல மட்டும் எடுப்பேன், ஹைவேல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து கவர் போட்டுருவேன், அவ்ளோதான்னு சொன்னார்.

நான் ஒண்ணும் பேசல, ஸ்கேனர மாட்டினேன். நெறைய பேருக்கு இது தெரியாது, இந்த மாதிரி கார்ல ஈசியூ, அதாவது இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர், அது உள்ள இன்ஜின் மொத்தம் எத்தன மணி நேரம் ஓடிருக்குன்னு கணக்கு இருக்கும். 700 மணி நேரம்னு காட்டுச்சு. 11,200-அ 700-ஆல வகுத்துக்கோங்க, மணிக்கு 16 கிமீ. நம்ம கோயம்புத்தூர் காந்திபுரம் டவுன் பஸ்ஸே இத விட வேகமா போகும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். ஹைவேல மட்டும் ஓடின காருக்கு அம்பது அறுவதாச்சும் வரணும்ல. அப்ப இந்த கார் வாழ்க்கைல பாதிய அவினாசி ரோடு சிக்னல்லயும், போர்ட்டிகோல ஸ்டார்ட் பண்ணி சும்மா நின்னதுலயும் கழிச்சிருக்கு.

அவர் பொய் சொன்னார்னு நான் நெனைக்கல. அவர் மனசுல இருக்கறது அந்த ஞாயித்துக்கெழம மட்டும் தான். கல்யாண வீட்டுக்கு எடுத்துட்டு போனது, பையன் பிறந்தநாளுக்கு ஆர்எஸ் புரம் சுத்தினது, சொந்தக்காரங்க வந்தப்ப ஸ்டார்ட் பண்ணி சவுண்டு கேக்க வெச்சது, இதெல்லாம் ஓட்டினதாவே அவருக்கு கணக்குல இல்ல.

இந்த தொழில்ல பத்தொன்பது வருஷம் ஆச்சு, அதுல பதினோரு வருஷமா சொந்த ஷெட். வர்றவங்க கிட்ட ஏன் இந்த கார் வாங்கினீங்கன்னு நான் கேக்கறதே இல்ல, அவங்களே சொல்லிருவாங்க. ஸ்கூல் நோட்டு அட்டைல ஒட்டி வெச்ச படம்னு ஒருத்தர் சொல்லுவார். அப்பா கடைசி வரைக்கும் டிவிஎஸ் ஐம்பதுலயே போனார், என் காசுல ஒண்ணாச்சும் தேவையே இல்லாம வாங்கணும்னு தோணுச்சுண்ணா அப்படின்னு ஒருத்தர் சொன்னார், அன்னைக்கு எனக்கு பதில் பேச வரல. சத்தத்துக்காகவே வாங்கறவங்க உண்டு. பார்ட்னர் வாங்கிட்டான், அதனால நானும்னு வாங்கறவங்க உண்டு, ஆனா இத மட்டும் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, நாமளா புரிஞ்சுக்கணும். வேகமா போகணும்னு வாங்கறேன்னு சொன்னவங்க, சத்தியமா, ரொம்ப கம்மி. ரெண்டு மூணு தடவ நூத்தம்பது தாண்டிப் பாப்பாங்க, அதுக்கப்புறம் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்தா அறுவது தான்.

போகறதுக்கு எடமும் இல்லைங்களே. 2023 நவம்பர்ல இருந்து சென்னை சிட்டிக்குள்ள காருக்கு 60 கிமீ தான். ஒரு 911 முதல் கியர்லயே அறுவது தாண்டிரும், ரெண்டாவதுல நூறு தாண்டிரும், மிச்ச கியர் எல்லாம் பெட்ரோல் மிச்சம் பிடிக்கத்தான். அப்புறம் நம்ம ஸ்பீட் பிரேக்கர். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி 10 செமீ உயரம், 3.7 மீட்டர் அகலம், மெதுவா ஏறி மெதுவா இறங்கற மாதிரி போடணும். நம்மூர்ல ரோட்டுக்கு குறுக்கால ஒரு தென்னமரத்த படுக்க வெச்சு தார் ஊத்தின மாதிரி இருக்கும். கோணலா, ஒரு சக்கரம் ஏறி அடுத்த சக்கரம் ஏறற மாதிரி எடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன், பின்னாடி டவுன் பஸ்காரர் ஹாரன் அடிச்சா அதெல்லாம் மறந்து போயிரும், அடுத்த வாரம் முன் பம்பருக்கு கீழ இருக்கற லிப் உடைஞ்சு வண்டி என்கிட்ட வந்துரும்.

சரி, முக்கியமா சொல்ல வந்தத சொல்றேன். என்கிட்ட வர்ற ஸ்போர்ட்ஸ் கார்ல ஓட்டி கெட்டது கம்மிங்க, நிறுத்தி கெட்டது தான் ஜாஸ்தி.

இதுல மோசமான பழக்கம் எதுன்னா, வாரத்துக்கு ஒரு தடவ போர்ட்டிகோல ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்றது. வண்டிக்கு நல்லது பண்றதா நெனச்சு பண்ணுவாங்க. குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகறப்ப பெட்ரோல் கொஞ்சம் அதிகமா தான் அடிக்கும், அதுல கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியா ஆயில்ல இறங்கும், எரியறப்ப வர்ற தண்ணி ஆவியும் உள்ள சேரும். ஆயில் நல்லா சூடாகி கொஞ்ச நேரம் ஓடினா அது ரெண்டும் ஆவியா வெளிய போயிரும். ஆனா டெம்பரேச்சர் முள்ளு நடுவுல வந்துட்டா சூடாயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, அது கூலன்ட் சூடு, ஆயில் சூடாக அதுக்கு மேலயும் பத்து நிமிஷம் ஆகும், அதுவும் ஓட்டினாத்தான். அப்ப நீங்க வாராவாரம் பண்றது என்னன்னா, ஆயில்ல கொஞ்சம் பெட்ரோலும் கொஞ்சம் தண்ணியும் கலந்து மூடி வெக்கறது. ஆயில் ஃபில்லர் மூடிய திறந்தா உள்ள டீ ஆடை மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கும், அத பாத்ததும் கூலன்ட் ஆயில்ல கலக்காம தடுக்கற ஹெட் கேஸ்கெட் போயிருச்சான்னு பயந்து போய் போன் பண்ணுவாங்க. பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்றதுக்கு பண்ணாமயே இருக்கலாம். பேட்டரி இறங்கிரும்னு பயமா இருந்தா மெதுவா சார்ஜ் ஏத்தற ட்ரிக்கிள் சார்ஜர் ஒண்ணு வாங்கி மாட்டி விடுங்க, அந்த கார் பேட்டரி விலைய விட அது கம்மி தான்.

பெட்ரோலும் இப்ப 20 பர்சென்ட் எத்தனால் கலந்து ஈ20-ஆ வருது. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், மாசக்கணக்கா பாதி டேங்க்ல நின்னா பிரச்சனை தான். நிறுத்தப் போறீங்கன்னா டேங்க்க நிரப்பி நிறுத்துங்க. ரெண்டாயிரத்து சொச்சத்துல வந்த பழைய கார் வெச்சிருக்கவங்க பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் வருஷம் ஒரு தடவயாச்சும் காட்டிருங்க. எலி பத்தி தனியாவே எழுதலாம், ஒரு எலி ஒரே ராத்திரில வயரிங்க கடிச்சு வெச்சதுக்கு ஜெர்மனில இருந்து ஹார்னஸ் வர மூணு மாசம் காத்திருந்த கஸ்டமர் இருக்கார்.

டயர். இதுக்கு தயவு செஞ்சு கொஞ்சம் நேரம் ஒதுக்குங்க. டயர் பக்கவாட்டுல DOT-னு ஆரம்பிக்கற எழுத்து வரிசை இருக்கும், கடைசில நாலு நம்பர். 2316-னு இருந்தா 2016-வது வருஷம் 23-வது வாரத்துல செஞ்ச டயர்னு அர்த்தம். மூணு வருஷம் முன்னாடி ஒரு பையன், இருபத்தாறு இருபத்தேழு வயசு இருக்கும், ஐடில வேலை, லோன் போட்டு பின்சக்கர டிரைவ் கார் ஒண்ணு எடுத்தான், ஒன்பது வருஷ டயர், ஆனா பட்டன் புதுசு மாதிரி இருந்துச்சு, ஏன்னா ஓடவே இல்லையே. டயர மாத்திரு தம்பின்னு சொன்னேன். அண்ணா இன்னும் எண்பது பர்சென்ட் இருக்கேண்ணா, முதல்ல எக்ஸாஸ்ட் போட்டுக்கறேன், டயர் தீபாவளி போனஸ்லன்னான். கணக்கு சரியாத்தான் தெரிஞ்சுது அவனுக்கு. தீபாவளிக்கு முன்னாடி ஐப்பசி மழை வந்துருச்சு. எல் அண்ட் டி பைபாஸ்ல, எழுவதுல தான் போயிருக்கான், ரெண்டாவது கியர், ஒரு லாரிய ஓவர்டேக் பண்ண லேசா மிதிச்சிருக்கான், பின்னாடி அப்படியே சுத்திருச்சு. ரப்பர் வயசானா கெட்டியாயிரும், பட்டன் எவ்ளோ இருந்தாலும் ஈர ரோட்ட பிடிக்காது, அதுவும் காலைல டயர் சூடே ஆகாம இருக்கறப்ப. அவனுக்கு தோள்பட்டைல அடி, பொழச்சிக்கிட்டான். வண்டி ஒன்றரை வருஷம் என் ஷெட்டுக்கு பின்னாடி நின்னுச்சு.

ஏன் ஒன்றரை வருஷம் நின்னுச்சுன்னா இன்சூரன்ஸ். பவர் ஏத்த ஈசியூ செட்டிங்க மாத்தி ரீமேப் பண்ணிருந்தான், எக்ஸாஸ்ட் மாத்திருந்தான், ரெண்டுமே கம்பெனிக்கு சொல்லல. சர்வேயர் வந்து போட்டோ எடுத்தார், கேள்வி மேல கேள்வி. பாலிசி எடுக்கறப்ப அந்த பேப்பர யாரும் படிக்கறதில்ல, நானும் ரொம்ப நாள் படிச்சதில்ல. அதுல வண்டிய எதுக்கு யூஸ் பண்ணலாம் எதுக்கு பண்ணக்கூடாதுன்னு ஒரு பத்தி இருக்கும், ரேஸ், ஸ்பீட் டெஸ்டிங், ரிலையபிலிட்டி ட்ரையல் இதுக்கெல்லாம் கவர் கிடையாதுன்னு தெளிவா போட்டிருக்கும். அதனால ட்ராக் டேக்கு, அதாவது சொந்த கார ரேஸ் ட்ராக்ல ஓட்டற நாளுக்கு, போயி சுவத்துல இடிச்சா உங்க காசு தான், ஃபுல் கவர், பம்பர் டு பம்பர் எது எடுத்திருந்தாலும் இத மனசுல வெச்சுக்கோங்க. ஞாயித்துக்கெழம கும்பலா போறப்ப ரெண்டு பேர் போட்டி போட்டா அது மோட்டார் வாகன சட்டம் 189-வது பிரிவுல வரும், முதல் தடவைக்கே மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல அய்யாயிரம் வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். இன்னும் கொடுமை என்னன்னா போட்டி போட்டத இவங்களே வீடியோ எடுத்து ரீல்ஸ்ல போட்டு வெச்சிருப்பாங்க, நம்பர் ப்ளேட்டோட. போலீஸுக்கு சிரமமே வெக்க மாட்டாங்க.

வேகமா போகணும்னு நெஜமாவே ஆசையா இருந்தா ட்ராக்குக்கு போங்கன்னு தான் நான் சொல்வேன், ரிஸ்க் தெரிஞ்சே. நமக்கு செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, கரிவரதன் சார் பேர்ல, ஃபார்முலா மாருதி ரேஸ் கார கட்டினவர். சென்னைக்காரங்களுக்கு இருங்காட்டுக்கோட்டை ட்ராக், ஒரு ரவுண்டு 3.7 கிமீ. முதல் தடவ போறவங்க எல்லாருக்கும் ஒரே அனுபவம் தான். நாலாவது ரவுண்டுல பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகி கீழ போகும், மூஞ்சி வெளுத்துப் போய் பிட்டுக்கு, அதாவது ட்ராக் ஓரமா வண்டி நிறுத்தற எடத்துக்கு வருவாங்க. பிரேக் ஃப்ளூயிடும் ஈரத்த இழுக்கற சமாச்சாரம் தான். டாட் 4 ஃப்ளூயிட் புதுசுல 230 டிகிரிக்கு கீழ கொதிக்காது, ஈரம் ஏறிட்டா அந்த கணக்கு 155-க்கு இறங்கிரும். கொதிச்சா உள்ள ஆவி, ஆவிய அமுக்கினா அமுங்கும், அவ்ளோதான் பிரேக் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும், வண்டி ஓடுச்சா நின்னுச்சாங்கறது கணக்கே இல்ல. இது ட்ராக்ல தெரிஞ்சா மண்ணுல இறங்கி நிக்கும். வால்பாறைல இருந்து ஆழியாருக்கு நாப்பது ஹேர்பின் இறங்கறப்ப தெரிஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ட்ராக் போயிட்டு வந்தவங்க கிட்ட இன்னொன்னும் பாத்திருக்கேன், ரோட்ல அமைதியாயிருவாங்க. அங்க ஒரு பழைய போலோ ஜிடி வெச்சுக்கிட்டு ஒரு காலேஜ் பையன் இவங்கள கார்னர்ல உள்ள பூந்து தாண்டிட்டு போயிருப்பான், பணத்துல வாங்க முடியாதது ஒண்ணு இருக்குன்னு அங்க தான் தெரியும். சில பேர் அத தாங்க முடியாம இன்னும் பெரிய கார் வாங்குவாங்க, அது வேற கதை.

நான் பாத்ததுல கார சரியா யூஸ் பண்றவர் யாருன்னு கேட்டீங்கன்னா ஒருத்தர் இருக்கார், பம்ப் ஃபேக்டரி வெச்சிருந்தவர், இப்ப பசங்க பாத்துக்கறாங்க. அறுவத்திமூணு வயசு. சின்ன வயசுல மாமாவோட ரயிலேறி மெட்ராஸ் போயி சோழவரத்துல ரேஸ் பாத்தவர், இருங்காட்டுக்கோட்டை எல்லாம் வராத காலம், பழைய விமான ஓடுபாதைல தான் ரேஸ் நடக்கும், தடுப்புக்கு வைக்கோல் கட்டு போட்டிருப்பாங்களாம். அத சொல்ல ஆரம்பிச்சா நம்ம வேலை அன்னைக்கு அவ்ளோதான். அம்பத்தெட்டு வயசுல தான் ஒரு பழைய போர்ஷே பாக்ஸ்டர் வாங்கினார், மேனுவல், கூரை மடங்கற வண்டி. வீட்டம்மா, கடைசி காலத்துல ரெண்டு சீட்டு வண்டி வாங்கிருக்கார் பாருங்க, பேரன் பேத்தி எல்லாம் எங்க உக்காரும்னு என்கிட்டயே கேட்டாங்க.

வாரத்துல ஒரு நாள், காலைல அஞ்சு மணிக்கு எடுப்பார். முதல் பத்து கிமீ மூவாயிரம் ஆர்பிஎம் தாண்ட மாட்டார். மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ரோட்ல கொஞ்ச தூரம் ஏறுவார், அங்க நல்லா இழுப்பார், ரெட்லைன் வரைக்கும் போவார், அதுவும் எதிர்ல ரோடு தெரியற எடத்துல மட்டும். ஒரு கடைல டீ குடிச்சுட்டு ஏழரைக்குள்ள வீடு. போட்டோ ஒண்ணு கூட எடுத்ததில்ல, அவர் போன்ல கேமரா எப்படி திறக்கறதுன்னு கூட எனக்கு சந்தேகம் தான். டயர் அஞ்சு வருஷம் ஆனா பட்டன் இருந்தாலும் மாத்திருவார். ஃப்ளூயிட் மாத்தற தேதி எனக்கு முன்னாடி அவருக்கு தெரியும்.

அந்த 911 கதைய இவர்கிட்ட ஒரு நாள் சொன்னேன், மணி நேரத்த வெச்சு சராசரி கண்டுபிடிக்கற விஷயத்த. அப்படி ஒண்ணு இருக்கான்னு கண்ண விரிச்சார். போன வாரம் சர்வீஸுக்கு விட்டார், ஸ்கேனர மாட்டினதும் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டார், பரிட்சை ரிசல்ட் பாக்கற மாதிரி. 31,000 கிமீ, 740 மணி நேரம். நான் கால்குலேட்டர் எடுக்கறதுக்குள்ள அவரே மனசுல போட்டுட்டார்.

"நாப்பத்தி ரெண்டுக்கு கொஞ்சம் கம்மி தம்பி," அப்படின்னார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "வழில அந்த ரயில்வே கேட்டு மட்டும் இல்லாம இருந்தா தாண்டிருக்கும்."