நீந்துகிறவர் தடகள வீரர் அல்லர்

தலையில் ரப்பர் தொப்பி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட நீச்சல் கண்ணாடி, உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட மைக்கேல் பெல்ப்ஸ் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீழே எழுத்து ஓடுகிறது: ‘ஒலிம்பிக்கில் 28 பதக்கம் வென்ற தடகள வீரர்’. ஒரு தொலைக்காட்சியில் பார்த்தது. முதல் தடவை என்றால் கைத்தவறு என்று விட்டிருப்பேன். ஆனால் பளுதூக்குபவர், வில்லெய்பவர், துடுப்புப் படகு வலிப்பவர் என்று எல்லாரையும் இப்போது தடகள வீரர் ஆக்கிவிட்டார்கள்.

இவர்கள் தடகள வீரர் என்று மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல் ‘அத்லெட்’. கிரேக்கத்தில் ‘ஆத்லோஸ்’ என்றால் போட்டி, ‘ஆத்லோன்’ என்றால் பரிசு. பரிசுக்காகப் போட்டியிடுகிறவர் ‘ஆத்லெத்தேஸ்’. ஓட்டம் என்றோ மைதானம் என்றோ அந்தச் சொல்லுக்குள் எதுவும் இல்லை. கி.மு. 776-ல் ஒலிம்பியாவில் சுமார் 192 மீட்டர் ஓட்டத்தில் வென்றதாகச் சொல்லப்படும் கொரோய்போஸும் ஆத்லெத்தேஸ்தான். மல்யுத்தத்தில் பெயர்பெற்ற குரோட்டோன் நகரத்து மிலோனும் ஆத்லெத்தேஸ்தான்.

குழப்பம் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் ஓடுதல், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றுக்கு விதி வகுத்துப் போட்டி நடத்தின. 1864-ல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதிக்கொண்டன. 1880-ல் அமெச்சூர் அத்லெட்டிக் அசோசியேஷன் உருவானது. இப்படி அங்கே ‘அத்லெட்டிக்ஸ்’ என்பது இந்த மூன்றுக்குள் சுருங்கியது. 1912-ல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய பன்னாட்டுக் கூட்டமைப்பும் அதே பொருளில்தான் பெயர் வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் அப்படி ஆகவில்லை. கூடைப்பந்து, நீச்சல் உட்பட எல்லா விளையாட்டும் அங்கே அத்லெட்டிக்ஸ். ஓடுவது, தாண்டுவது, எறிவதை மட்டும் குறிக்க அவர்கள் ‘டிராக் அண்ட் ஃபீல்டு’ என்றார்கள்.

நம்முடைய ‘தடகளம்’ இந்த ‘டிராக் அண்ட் ஃபீல்டு’க்கு நேர் நிகர். தடம் ஓடுவதற்கு: 400 மீட்டர் சுற்று, தடை ஓட்டம், தொடர் ஓட்டம். களம் மற்றதற்கு: குண்டு, ஈட்டி, வட்டு எறிதல், நீளம் தாண்டுதல், கோலூன்றித் தாண்டுதல். கச்சிதமான சொல். அமெரிக்கர்கள் எதைத் தனியே பிரித்துக் காட்டத் தனிப்பெயர் வைத்தார்களோ, அந்தப் பெயரைத் தமிழாக்கி வைத்திருக்கிறோம். அப்புறம் அவர்களுடைய பொதுச்சொல்லான ‘அத்லெட்’டுக்கும் அதையே ஒட்டினால் எப்படி?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது: சொற்களின் பொருள் விரியத்தானே செய்யும்? எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காயில் எடுத்தாலும் எண்ணெய்தானே? நல்ல கேள்வி, நானும் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனால் எண்ணெய் பொதுச்சொல் ஆனபோது, எள்ளில் எடுத்ததைச் சொல்ல ‘நல்லெண்ணெய்’ இருந்தது. மொழி ஒன்றை விரித்தால் விட்ட இடத்தை இன்னொன்றால் நிரப்பிக்கொள்ளும். தடகளத்தை விரிக்கிறவர்கள் எதை நிரப்பித் தருகிறார்கள்? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மொத்தம் 329 பதக்கப் போட்டிகள். அதில் தடகளம் 48. போட்டியிட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட எல்லாரையும் தடகள வீரர் என்று எழுதிவிட்டால், அந்த 48-ல் இறங்கியவர்களை எப்படித் தனியே சொல்வது? ‘தடகளப் போட்டியில் பங்கேற்ற தடகள வீரர்’ என்றா?

இன்னொன்று. ‘எண்ணெய்’ என்று சொல்லும்போது எள் யார் நினைவுக்கும் வருவதில்லை, புணர்ச்சியில் கரைந்துவிட்டது. தடமும் களமும் அப்படிக் கரையவில்லை. கேட்டவுடனே மைதானம் கண்முன் வருகிறது. அந்தப் படத்தோடு தண்ணீருக்குள் இருக்கும் ஒருவரைச் சேர்க்கவே முடியாது.

டிரையத்லான் என்ற போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வாலில் அதே ‘ஆத்லோன்’ இருக்கிறது. போட்டியோ நீச்சல், சைக்கிள், ஓட்டம். பயத்லானில் பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சுடுதலும்தான். அந்த வேர்ச்சொல் வரும் இடத்திலெல்லாம் தடகளம் என்று போடுகிறவர் இவற்றை என்ன செய்வார்?

இலங்கைத் தமிழர்கள் தடகளத்தை ‘மெய்வல்லுநர் போட்டி’ என்கிறார்கள். மெய் என்றால் உடல். எனக்கு மிகவும் பிடித்த சொல். கிரேக்க ஆத்லெத்தேஸின் பொருளுக்குத் தடகள வீரரைவிட இதுதான் நெருக்கம், மிலோனையும் தாராளமாக அப்படி அழைக்கலாம். ஆனால் அது ஆளைக் குறிக்கிற பெயர், விளையாட்டைச் சொல்லப் ‘போட்டி’ என்று பின்னால் ஒன்று சேர்க்க வேண்டியிருக்கிறது. அங்கே அது தடகளப் பொருளில் ஊன்றியும்விட்டது. அதைப் பிடுங்கிப் பொதுப்பொருளுக்கு நடுவதும் இதே தவற்றைத் திரும்பச் செய்வதுதான். பொதுப்பொருளுக்கு ‘விளையாட்டு வீரர்’, ‘வீராங்கனை’ இருக்கின்றன, சின்னப் பிள்ளைக்கும் புரியும். ‘அத்லெட்ஸ் வில்லேஜ்’ என்றால் வீரர்கள் தங்குமிடம், அவ்வளவுதான்.

தடகளத்திலும் குறை இல்லாமல் இல்லை. மாரத்தானும் நடைப்போட்டியும் சாலையில் நடக்கின்றன, தடத்திலும் இல்லை, களத்திலும் இல்லை. சரி, அந்த இரண்டையும் ஒரே குடும்பம் என்று சேர்த்துக்கொண்டோம். ஒரே கூட்டமைப்பின் விதிகள்தானே. அதை வைத்து நீச்சலையும் குத்துச்சண்டையையும் உள்ளே இழுக்க முடியாது.

ஒரு சொல்லுக்கு ஒரே நிகர்ச்சொல் என்று மனத்தில் எழுதிவைத்துக்கொண்டு மொழிபெயர்க்கிறவர்களால்தான் இவ்வளவும். வாக்கியத்தில் அந்த மனிதர் என்ன விளையாடுகிறார் என்று ஒரு கணம் பார்த்தால் போதும். பார்க்காததால் ‘அத்லெட்டிக்’ உடல்வாகு ‘தடகள உடலமைப்பு’ ஆகிறது. கட்டுடல் என்ற நல்ல சொல் சும்மா கிடக்கிறது. ஒரு மருத்துவக் கட்டுரையில் ‘தடகள வீரரின் பாதம்’ என்று ஒரு நோயைப் பார்த்தேன். கால்விரல் இடுக்கில் ஈரம் தங்கி, பூஞ்சை பிடித்து, தோல் வெளுத்து உரிந்து அரிக்கும் என்று விளக்கம் வேறு. இரண்டு முறை படித்த பிறகுதான் புரிந்தது. சேற்றுப்புண்.