பால்கனி பல்பும் பூக்காத செவ்வந்தியும்

தொட்டியோடு வாங்கி வந்த செவ்வந்தி, இருந்த மொட்டெல்லாம் பூத்து முடிந்ததும் ஏன் வெறும் இலையாகவே நிற்கிறது? மாடித்தோட்டக்காரர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. உரத்தை மாற்றிப் பார்ப்பார்கள், மீன் அமிலம் தெளிப்பார்கள், கண் பட்டுவிட்டதென்று எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவதும் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது, இரவில் அந்தச் செடிக்கு மேலே எரியும் பல்பை.

சென்னைப் பக்கம் இதைச் சாமந்தி என்பார்கள். கேந்தி எனப்படும் துலுக்கச் சாமந்தி வேறு செடி, அதற்கு இந்தப் பிரச்சினை இந்த அளவுக்குக் கிடையாது.

பகல் குறைந்தால் பூக்கும் செடிகள் உண்டு என்பதை 1920-லேயே அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் காட்டிவிட்டார்கள். செவ்வந்தியும் அந்த வகைதான். உண்மையில் செடி அளப்பது பகலை அல்ல, இடையில் அறுபடாத இருட்டை. நீண்ட இரவின் நடுவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினாலே கணக்கு குலைந்துவிடும். சிவப்பு வெளிச்சம்தான் இதில் வலுவாக வேலை செய்கிறது. அதை உணர்வது இலையில் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி.

இலை உணர்கிறது, ஆனால் மொட்டு கட்டுவது நுனியில். நடுவில் சேதி போவது எப்படி? சோவியத் விஞ்ஞானி சைலாக்கியான் 1930-களில் செவ்வந்தியை வைத்தே இதைச் சோதித்தார். மேல்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் நீண்ட இருட்டைக் கொடுத்தார். வெளிச்சத்திலேயே இருந்த, இலையில்லாத நுனி பூத்தது. இலையிலிருந்து ஏதோ ஒன்று மேலேறுகிறது என்று ஊகித்து, அதற்கு ஃபுளோரிஜென் என்று பெயர் வைத்தார். அது எஃப்டி என்ற புரதம் என்று உறுதியானது 2007-ல். 70 ஆண்டு! ‘மூன்று வருடத்தில் என்ன பயன்?’ என்று கேட்கும் நிதிக்குழுவிடம் இந்தத் திட்டம் போயிருந்தால் முதல் பக்கத்திலேயே செத்திருக்கும்.

சுவையான பகுதி 2013-ல் வந்தது. காட்டுச் செவ்வந்தி ஒன்றை ஆராய்ந்த ஜப்பானியர்கள், ‘பூ’ என்று சொல்லும் புரதத்துக்கு நேர் எதிராக ‘பூக்காதே’ என்று சொல்லும் இன்னொன்றும் இலையில் உருவாவதைக் கண்டார்கள். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே குடும்பம். நுனியில் இருக்கும் ஒரே நாற்காலிக்கு இரண்டும் போட்டி போடுகின்றன. தடுக்கிற தம்பி உட்கார்ந்துவிட்டால் பூக்கச் சொல்லும் அண்ணனுக்கு இடமில்லை, மொட்டும் இல்லை.

தம்பி எப்போது பிறக்கிறான்? பொழுது சாய்ந்த கணத்திலிருந்து இலை எண்ணத் தொடங்குகிறது. குறிப்பிட்ட சில மணி நேரம் கழித்து ஒரு கதவு திறக்கிறது. அந்த நேரத்தில் வெளிச்சம் பட்டால் தடுப்புப் புரதம் உருவாகும். இருட்டாகவே இருந்தால் ஒன்றும் நடக்காது, கதவு மூடிக்கொள்ளும். இரவு குட்டையாக இருந்தால் கதவு திறந்திருக்கும்போதே விடிந்துவிடும். இரவு நீளமாக இருந்தும் நடுச்சாமத்தில் பல்பு எரிந்தால் அதே விளைவு. செடிக்குக் கோடையும் உங்கள் பால்கனி விளக்கும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் ஜூனில்கூடப் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. அப்படியே விட்டால் பல ரகங்கள் ஒரு சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும், கொத்துப்பூவுக்கு வேண்டிய காம்பு நீளம் கிடைக்காது. அதனால்தான் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் நட்ட முதல் சில வாரங்கள் இரவு 10 மணி முதல் 2 மணி வரை விளக்கெரிப்பது. இலைமட்டத்தில் சுமார் 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். தொடர்ந்து எரிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு அரை மணி நேரத்திலும் 10 நிமிடம் எரித்தாலே செடி ஏமாறும், மின்கட்டணம் மூன்றில் ஒன்றாகும். செடி வளர்ந்ததும் விளக்கை நிறுத்தினால், ரகத்தைப் பொறுத்து 7 முதல் 12 வாரத்தில் பூ.

வீட்டில் செய்ய வேண்டியது இதன் மறுபாதி. பூ முடிந்ததும் தண்டை 10 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அடியிலிருந்து வரும் பக்கக்கன்றுகளைப் பிரித்து, நீர் தேங்காத மண்ணில் நடுங்கள். நான்கு வாரம் கழித்து நுனியைக் கிள்ளினால் கிளை பிரியும். மொட்டு தெரிந்தபின் கிள்ளினால் பூதான் போகும். அதன்பின் தொட்டியைத் தெருவிளக்கும் வீட்டு விளக்கும் படாத மூலைக்கு நகர்த்துங்கள். இடமில்லை என்றால் சூரியன் இறங்கியபின் கறுப்புத் துணி போட்டு, காலை 8 மணிக்கு எடுங்கள். ஒரு நாள் விடாமல் செய்ய வேண்டும். வெயில் இருக்கும்போதே மூடினால் உள்ளே சூடேறும். இருட்டு சரியாக இருந்தும் மொட்டு தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் இந்தச் சூடுதான் காரணம்.

பூத்தபின் ஜாடியில் வைப்பதானால், தண்ணீரில் மூழ்கும் இலைகளை உருவிவிடுங்கள். அழுகும் இலையில் பெருகும் பாக்டீரியா காம்பை அடைத்துவிடும். செவ்வந்தியில் பூ நன்றாக இருக்க, இலைதான் முதலில் பழுக்கும்.

ஜப்பானின் யமகாத்தா பகுதியில் ஊதாச் செவ்வந்தியைச் சாப்பிடவே வளர்க்கிறார்கள். இதழ்களை மட்டும் பிய்த்து, ஒரு லிட்டர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டு, அரை நிமிடம் போட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசிப் பிழிவார்கள். வினிகரின் புளிப்பு ஊதா நிறமியைக் காப்பாற்றும், அது இல்லாவிட்டால் நிறம் மங்கிவிடும். பச்சை அடிப்பாகம் சேர்ந்தால் கசக்கும். மாலைக்கு விற்கும் பூவில் இதைச் செய்து பார்க்காதீர்கள், அதில் பூச்சிமருந்து இருக்கும்.