கிராண்ட் ஜூரி என்றால் என்ன? சம்மன் வந்தால் என்ன செய்வது?

2024 நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் நீதிமன்றத்தில் கௌதம் அதானி மீதான குற்றப்பத்திரிகை வெளியானது. உடனே இங்கே பலர் "அமெரிக்க கோர்ட்டே குற்றவாளின்னு சொல்லிடுச்சு" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அன்று எந்த நீதிபதியும் தீர்ப்பு சொல்லவில்லை. அதானி குழுமம் குற்றச்சாட்டை மறுத்தது. நடந்தது இவ்வளவுதான்: அரசு வழக்கறிஞர் காட்டிய ஆதாரத்தைப் பார்த்து, கிராண்ட் ஜூரி என்ற பொதுமக்கள் குழு "சரி, வழக்கு நடத்தலாம்" என்றது.

சினிமாவில் நாம் பார்க்கிற 12 பேர் விசாரணை ஜூரி, அது வேறு. அவர்கள் விசாரணை முழுவதையும் கேட்டுவிட்டு குற்றவாளியா இல்லையா என்று சொல்கிறவர்கள். கிராண்ட் ஜூரி அதற்கு முந்தைய கட்டம். 'கிராண்ட்' என்பதால் அதிகாரம் பெரிது என்று நினைக்க வேண்டாம், ஆள் கணக்குதான் பெரிது. ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றங்களில் 16 முதல் 23 பேர் வரை இருப்பார்கள்.

1791-ல் வந்த அமெரிக்காவின் ஐந்தாவது அரசியல் சட்டத் திருத்தம்தான் இதன் அடிப்படை. கடுமையான குற்றம் என்றால், கிராண்ட் ஜூரி ஒப்புக்கொள்ளாமல் யாரையும் வழக்கு மேடைக்கு இழுக்கக் கூடாது. ராணுவ வழக்குகள் மட்டும் விலக்கு. இன்றைய நடைமுறையில், ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய ஃபெடரல் குற்றங்களுக்கு இது பொருந்தும். குற்றம் சாட்டப்பட்டவரே "எனக்கு கிராண்ட் ஜூரி வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு. அரசாங்கம் பிடிக்காதவன் மேல் வழக்கு போட்டு அலைக்கழிக்காமல் இருக்க, நடுவில் ஊர்க்காரர்களை நிறுத்தும் ஏற்பாடு.

ஏற்பாடு இங்கிலாந்திலிருந்து போனது. இரண்டாம் ஹென்றி மன்னர் 1166-ல் போட்ட ஆணையில் அதன் வேர் இருக்கிறது. இங்கிலாந்து அதை 1933-ல் கைவிட்டுவிட்டது. நம் சென்னையிலும் கிராண்ட் ஜூரி இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1665-ல் அடிமைப் பெண்ணைக் கொன்றதாக அசென்ஷியா டாஸ் என்ற பெண்மணி மீது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் நடந்த வழக்கு கிராண்ட் ஜூரி வழியாகத்தான் போனது. கடைசியில் அவர் விடுதலையானார். 1865-ல் இங்கே கிராண்ட் ஜூரி முறையை எடுத்துவிட்டார்கள்.

இனி, அமெரிக்காவில் கிராண்ட் ஜூரி கூடும் அறைக்குள் போவோம். நீதிபதி கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீல் கிடையாது. யார் மீது குற்றம் சாட்டப் போகிறார்களோ, அவருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாமல் இருக்கலாம். ஜூரிகள், அரசு வழக்கறிஞர், பதிவு செய்பவர், ஒரு சாட்சி, தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர். அவ்வளவு பேர்தான். சாட்சியின் வக்கீல்கூட உள்ளே வர முடியாது, வெளியே வராந்தாவில் காத்திருப்பார். கேள்வி சிக்கலாக இருந்தால் சாட்சி "வக்கீலைக் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுந்து வெளியே போய், பேசிவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்து பதில் சொல்லலாம். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் சட்டம் அதைத்தான் அனுமதிக்கிறது. ஓட்டெடுப்பு நேரத்தில் அரசு வழக்கறிஞரும் வெளியேற வேண்டும்.

12 பேர் சரி என்றால் குற்றப்பத்திரிகை உண்டு. அதற்கு 'ட்ரூ பில்' என்று பெயர். இல்லையென்றால் 'நோ பில்'. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய அவசியம் இங்கே இல்லை. குற்றம் நடந்திருக்கிறது, இவர்தான் செய்திருப்பார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும். யாரோ சொல்லக் கேட்ட சாட்சியத்தை வைத்தே குற்றம் சாட்டலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1956-ல் சொல்லிவிட்டது. எதிராளிக்குச் சாதகமான ஆதாரம் கையில் இருந்தாலும் அரசு வழக்கறிஞர் அதைக் காட்ட வேண்டிய கட்டாயமில்லை என்று 1992-ல் சொன்னது. ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுப் பஞ்சாயத்து முடிவு சொன்னால் என்ன ஆகும்? 2010-ல் ஃபெடரல் அரசு நடத்திய சுமார் 1,62,000 வழக்குகளில் கிராண்ட் ஜூரிகள் மறுத்தது வெறும் 11.

நியூயார்க் மாநிலத் தலைமை நீதிபதியாக இருந்த சால் வாக்ட்லர் 1985-ல் சொன்னது இதனால்தான் பிரபலம்: அரசு வழக்கறிஞர் நினைத்தால் ஒரு ஹாம் சாண்ட்விச் மீதுகூட கிராண்ட் ஜூரியைக் குற்றம் சாட்ட வைத்துவிடலாம். 1993-ல் அவர் மீதே ஒரு கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டியது தனிக்கதை. ஆனால் 2025 ஆகஸ்ட்டில் வாஷிங்டனில் ஒருவர் ஃபெடரல் அதிகாரி மீது நிஜமாகவே சாண்ட்விச்சைத் தூக்கி எறிந்தார். கடுமையான குற்றமாக வழக்கு போட அரசு முயன்றபோது கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது. கிராண்ட் ஜூரி தேவைப்படாத சிறு குற்றமாகக் குறைத்து வழக்கு போட்டார்கள். நவம்பரில் விசாரணை ஜூரி அதிலும் அவரை விடுவித்தது. எப்போதாவதுதான் என்றாலும், கதவு மூடும். மூடினாலும் அரசு இன்னொரு கிராண்ட் ஜூரியிடம் அதே வழக்கோடு போகலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாநிலங்களுக்கு இது கட்டாயமில்லை என்பது 1884 முதல் உள்ள நிலை. சில மாநிலங்களில் அவசியம், சிலவற்றில் அரசு வழக்கறிஞர் விருப்பம். எண்ணிக்கையும் மாறும். 2014-ல் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரைச் சுட்டுக் கொன்ற காவலர் மீது வழக்கு வேண்டாம் என்று சொன்ன மிசௌரி மாநில கிராண்ட் ஜூரியில் 12 பேர்தான். குற்றம் சாட்ட 9 ஓட்டு தேவைப்பட்டது.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்களுக்கு இது வெறும் செய்தியல்ல, தபாலில் வரக்கூடிய விஷயம். ஜூரியாக உட்கார 18 வயது முடிந்த அமெரிக்கக் குடிமக்களால் மட்டுமே முடியும். எச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்குக் கேள்வித்தாள் வந்தால் தூக்கிப் போடாதீர்கள், குடிமகன் இல்லை என்று குறித்துத் திருப்பி அனுப்புங்கள். அவசரத்தில் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டால் பின்னால் குடியேற்ற விவகாரத்தில் பெரிய தலைவலி. ஃபெடரல் கிராண்ட் ஜூரி பணி பொதுவாக 18 மாதம் வரை நீளலாம். தினமும் அல்ல, அழைக்கும் நாட்களில் மட்டும். நாளுக்கு 50 டாலர் தருவார்கள், 45 நாளுக்கு மேல் போனால் 60 வரை கொடுக்கலாம். இதற்காக வேலையை விட்டு நீக்க முதலாளிக்கு உரிமை இல்லை. உள்ளே கேட்டதை மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது.

சாட்சிக்கு அந்த வாய்ப்பூட்டு ஃபெடரல் விதியில் இல்லை. தான் சொன்னதை அவர் வெளியே பேசலாம். ஆனால் சாட்சி சம்மன் வந்தால் முதல் வேலை வக்கீலைப் பார்ப்பதுதான்: நீங்கள் வெறும் சாட்சியா, அல்லது அவர்கள் குறியே நீங்கள்தானா என்பதை அவர் விசாரித்துச் சொல்வார். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல மறுக்கும் உரிமை உண்டு. அந்தச் சாட்சியத்தை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தமாட்டோம் என்று நீதிமன்றம் உத்தரவாதம் கொடுத்த பிறகும் வாய் திறக்காவிட்டால் சிறைதான். விக்கிலீக்ஸுக்கு ராணுவ ரகசியங்களைக் கொடுத்த செல்சி மேனிங் அப்படி 2019-லிருந்து 2020 மார்ச் வரை, நடுவில் சில நாட்கள் தவிர, உள்ளே இருந்தார். சம்மனில் ஆவணங்களும் கேட்டிருந்தால் போனில் உள்ள வாட்ஸ்அப் உரையாடலும் அதில் சேரலாம். அதை அழித்தால் அது தனி வழக்கு.