லென்ஸுக்கு ஒரு லட்சம், அதைத் தாங்க இரண்டாயிரமா?

பறவைப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பையில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். ஏறத்தாழ லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் இருக்கும். பட்ஜெட்டில் மிஞ்சியதற்கு வாங்கிய ட்ரைபாட் ஒன்றும் கூடவே இருக்கும். கேட்டால், "பத்து கிலோ தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறதே சார்" என்பார்கள்.

தாங்கலாம். ஆனால் உடையாமல் தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. அந்த எண்ணை எப்படிச் சோதித்துப் போடுவது என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. 600 மி.மீ.யில், பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவுக்குள் வருவது மூலைக்கு மூலை சுமார் நான்கு டிகிரி காட்சிதான். அங்கே சின்ன நடுக்கமும் நாரையின் கண்ணைக் கலங்கலாக்கிவிடும்.

எனவே பெட்டியைப் படிக்காதீர்கள், உங்கள் லென்ஸையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ட்ரைபாட்டில் பொருத்தி, முழு ஜூமில் எதிர்ச் சுவரில் உள்ள எழுத்து ஒன்றை ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸின் முனையை விரலால் லேசாகத் தட்டுங்கள். எழுத்து உடனே அடங்கினால் சரி. அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டே இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கால்களில் நான் பார்ப்பது மேல் குழாயின் தடிமன். இரண்டு கிலோ லென்ஸுக்கு 28 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 32 இருந்தால் நிம்மதி. கால்களுக்கு நடுவே ஏற்றி இறக்கும் நடுக்கம்பம் வேண்டாம். உயரம் போதவில்லை என்று அதை ஏற்றிய நொடியே மூன்று கால்களின் உறுதி ஒற்றைக் குழாயின் உறுதியாகிவிடுகிறது. தரையோடு தாழ்ந்து உள்ளான் பறவைகளை எடுக்க நினைத்தாலும் அதுதான் முதலில் இடிக்கும். கார்பனா, அலுமினியமா என்பதற்கு என்னிடம் நீளமான பதில் இல்லை. நிறைய நடப்பவர் கார்பன் வாங்கட்டும், மற்றவர்களுக்கு அலுமினியம் போதும்.

கால்களுக்கு மேலே லென்ஸைப் பிடித்துத் திருப்பும் ஹெட் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் பழக்கதோஷமாக எடுத்து நீட்டுவது, ஒரு பந்தின்மேல் எல்லாப் பக்கமும் திரும்பும் பால் ஹெட். நிலக்காட்சிக்கு அது அருமையானது. நீண்ட லென்ஸை அதன்மேல் வைத்தால் மொத்தக் கனமும் பந்துக்கு மேலே நிற்கும். குமிழை இறுக்கினால் பறவையைத் தொடர முடியாது, தளர்த்தினால் லென்ஸ் முகம் குப்புறச் சாயும். கூழைக்கடா ஏரிக்கு மேலே வட்டமிடும் நேரத்தில் உங்கள் கவனம் முழுவதும் குமிழின்மேல் இருக்கும். சாய்ந்த வேகத்தில் ட்ரைபாட்டோடு லென்ஸ் கவிழ்வதும் உண்டு.

இதற்கு மாற்று ஜிம்பல் ஹெட். அதில் லென்ஸ் ஊஞ்சலில் உட்கார்ந்தது போல இருக்கும். சுழலும் அச்சு அதன் எடை மையத்தின் வழியாகவே போவதால், விட்ட இடத்தில் நிற்கும், ஒரு விரலால் நகரும். ஆனால் வாங்கியதும் அப்படி நிற்காது, சமன் செய்ய வேண்டும். லென்ஸின் முன்மறைப்பான ஹுட்டை மாட்டி, வழக்கமாக எடுக்கும் ஜூமில் வையுங்கள். லென்ஸைப் பிடித்துக்கொண்டே சாய்வுக் குமிழைத் தளர்த்துங்கள். முனை கீழே போனால் லென்ஸைக் கிளாம்ப்பில் (பிடியில்) பின்னுக்குத் தள்ளுங்கள். கேமரா கீழே போனால் முன்னுக்கு. பிறகு முனையை 45 டிகிரி கீழே சாய்த்துக் கையை மெல்லத் தளர்த்துங்கள். மேலும் விழப் பார்த்தால் லென்ஸைத் தாங்கும் தொட்டிலைச் சற்று இறக்க வேண்டும், நிமிரப் பார்த்தால் ஏற்ற வேண்டும். ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ் என்றால் சமன் கொஞ்சம் மாறத்தான் செய்யும். இதற்கெல்லாம் லென்ஸின் அடியில் உள்ள காலில், கிளாம்ப்பில் பொருந்தும் நீளமான ஆர்கா பிளேட் வேண்டும். கேமராவின் அடியில் பிளேட் போட்டு லென்ஸை அந்தரத்தில் தொங்கவிடுகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். கேமராவும் லென்ஸும் இணையும் மவுண்ட் பாவம். வீடியோவும் எடுப்பவர், சீராகத் திரும்பும் ஃப்ளூயிட் ஹெட் வாங்கலாம், தவறில்லை.

ட்ரைபாட்டே வேண்டாத இடங்களும் உண்டு. பழவேற்காட்டில் படகில் ஏறிப் பூநாரை எடுக்கப் போகிறீர்களா? படகு ஆடும்போது ட்ரைபாட்டும் சேர்ந்துதான் ஆடும். கையில் பிடித்து வேகமான ஷட்டரில் எடுப்பதே மேல். காருக்குள் இருந்தால் ஜன்னல் விளிம்பில் மணிகள் நிரப்பிய ஒரு பை (பீன் பேக்) போதும். வேடந்தாங்கல் காட்சிக் கோபுரத்தில் கூட்டம் ஏறினால் காலடி அதிர்வு லென்ஸ்வரை வரும், வழியையும் அடைப்பீர்கள். கரையில் ஓரமாக நின்று காத்திருப்பதற்குத்தான் ட்ரைபாட். அங்கே அது நடுக்கத்தைக் குறைப்பதைவிடத் தோள்வலியைக் குறைக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிது.

ஒரே தவணையில் பணம் புரட்ட முடியாவிட்டால் ஹெட் இல்லாத கால்களை முதலில் வாங்குங்கள். மேலே 3/8 அங்குலத் திருகு இருக்க வேண்டும். ஹெட் கழற்ற முடியாதபடி ஒட்டியே வரும் மலிவு மாடல்களில் பின்னால் எதையும் மாற்ற முடியாது. பழையதை வாங்குவதிலும் தப்பில்லை. எல்லாக் கால்களையும் நீட்டிப் பூட்டி, உச்சியில் இரு கைகளையும் ஊன்றி உடல் எடையைக் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள். ஒரு கால் மெல்ல உள்ளே இறங்கினால் பூட்டு தேய்ந்திருக்கலாம். கடலோரத்தில் புழங்கியதா என்று கேளுங்கள், கீழ்க் குழாயைத் திருகிக் கழற்றி உப்பும் மணலும் இருக்கிறதா என்றும் பாருங்கள். விற்பவர் கழற்ற விடவில்லையென்றால் பேரம் பேச வேண்டியதில்லை.