சின்னக் குடும்பத்துக்குச் சின்ன ஜீப்: திருகோணமலை ரோட்டில் போடும் கணக்கு

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடியும் திறந்ததிலிருந்து, கராஜுக்கு வருகிறவர்கள் ஓயில் மாற்ற மட்டும் வருவதில்லை. கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "அண்ணை, இது லீற்றருக்கு எத்தனை ஓடும்?" என்று கேட்கிறார்கள். கணவன், மனைவி, ஒன்றிரண்டு பிள்ளைகள், சில வீடுகளில் அம்மம்மாவும். கார் பதிவு, ஜீப் உயரம் வேண்டும், பெற்றோல் குடிக்கக் கூடாது. ஊரைச் சுற்றிப் பார்த்தால் பேச்சு டொயோட்டா ரெய்ஸ், ஹொண்டா வெசல், டொயோட்டா யாரிஸ் குரோஸ் என்ற மூன்றுக்குள்தான் நிற்கிறது.

கேள்வியில் பிழை இல்லை. சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டே 2022 இல் பெற்றோல் செட் வாசலில் இரவு பகலாகக் கிடந்த ஊர் இது. ஆனால் விளம்பரத்தில் இருக்கும் எண்ணை நம்பி யாரும் லீசிங்கில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் பற்றறியும் சேர்ந்ததுதான் ஹைபிரிட். முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டுக்கு லீற்றருக்கு 27 கிலோமீற்றர் என்று போட்டிருப்பார்கள். அது ஜேசி08 என்ற பழைய ஜப்பானியச் சோதனையின் எண். ரெய்ஸ் ஹைபிரிட்டுக்கு 28 என்று இருக்கும். அது டபிள்யூஎல்டிசி என்ற புதிய, கொஞ்சம் கடுமையான சோதனை. இரண்டையும் பக்கத்தில் வைத்து "ஒன்றுதானே" என்று முடிவெடுத்தால் ஏமாந்து போவீர்கள். இரண்டுமே ஆய்வுகூடத்து உருளையில் ஓட்டி எடுத்த எண்கள். வைகாசி வெயிலில் ஏசியைக் கூட்டி வைத்து, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அநுராதபுரச் சந்தியில் நிற்கும் வண்டிக்கு அவை பொருந்தாது. என் அனுபவத்தில் பெற்றோல் ரெய்ஸ் ஊருக்குள் 13, 14 தரும். பழைய வெசல் ஹைபிரிட் நல்ல நிலையில் இருந்தால் 16, 17 தரும். டேஷ்போர்டில் தெரியும் சராசரியை அப்படியே எடுக்காதீர்கள், அது கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். ஒரே செட்டில், ஒரே பம்பில் நிரப்பி, திரும்ப நிரப்பும் வரை ஓடிய தூரத்தை லீற்றரால் வகுத்துப் பாருங்கள். சொந்தக்காரர் வண்டியோ நண்பர் வண்டியோ, வாங்க நினைக்கும் மொடல் ஒன்றில் இதைச் செய்தால் போதும்.

அப்புறம் காசுக் கணக்கு. மாதம் 800 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வைப்போம். லீற்றருக்கு 14 ஓடும் பெற்றோல் வண்டிக்கு ஏறத்தாழ 57 லீற்றர் போகும். 20 ஓடும் ஹைபிரிட்டுக்கு 40. மிச்சம் 17 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்றால் மாதம் ஐயாயிரத்துச் சொச்சம், வருடத்துக்கு ஏறக்குறைய 62,000. இரண்டுக்கும் விலை வித்தியாசம் பத்து லட்சம் என்றால் அதைப் பெற்றோலில் மீட்க 16 வருடம் வேண்டும். அந்தப் பத்து லட்சத்துக்கு லீசிங் வட்டி வேறு. தினமும் மூதூருக்கோ கந்தளாய்க்கோ வேலைக்குப் போய் வருகிறவருக்குக் கணக்கு மாறும். உவர்மலையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் ஓடுகிறவருக்கு மாறாது.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஹைபிரிட் மிச்சம் பிடிப்பது நின்று நின்று போகும் இடத்தில். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பற்றறிக்குள் அனுப்பி, புறப்படும்போது திரும்பக் கொடுக்கிறது. ஹபரணை, தம்புள்ளை வழியே கொழும்புக்கு 260 கிலோமீற்றர் ஒரே சீராகப் போகும்போது பிடிக்கப் பிரேக்கே இல்லை, மிச்சமும் சுருங்கும். ரெய்ஸ் ஹைபிரிட்டில் 1.2 லீற்றர் எஞ்சின் மின்சாரம் மட்டும்தான் உண்டாக்கும். சில்லைச் சுழற்றுவது எப்போதும் மோட்டார். அதனால் ஊருக்குள் அது ராசா, நீண்ட ரோட்டில் அவ்வளவாக இல்லை. 2021 இல் வந்த இரண்டாம் தலைமுறை வெசல் வேகமாகச் சீராகப் போகும்போது எஞ்சினை நேரே சில்லோடு இணைத்துவிடும். யாரிஸ் குரோஸ் எஞ்சினையும் மோட்டாரையும் கலந்து ஓட்டும் டொயோட்டாவின் பழைய, அடிபட்டுத் தேறிய முறை. காசு இருந்தால் என் கை அதன் பக்கம்தான் போகும். ஒன்று மட்டும் குறை: தரையிலிருந்து 170 மில்லிமீற்றர்தான் உயரம். மற்ற இரண்டும் பெரும்பாலும் அதைவிட உயரம்.

முதல் தலைமுறை வெசலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஊரில் அதிகம் கைமாறுவது அதுதான். உள்ளே இடம் தாராளம், இருக்கை மடிப்பு அருமை. தலையிடி ஹைபிரிட்டின் கியர்பொக்ஸில். ஏழு கியர், இரண்டு கிளச். இந்த அமைப்பின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக 2014 இல் ஜப்பானிலேயே திருப்பி அழைத்துத் திருத்தினார்கள். வெறும் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் கோணேசர் கோயில் ஏற்றத்துக்குக் கொண்டுபோவேன், அதுவும் சனம் உள்ள நேரத்தில். கோட்டை வாசலைத் தாண்டி, மான்களுக்கும் ஆட்களுக்கும் வழிவிட்டு, நடக்கும் வேகத்தில் ஏறும்போது கிளச் வெட்டி வெட்டி இழுக்கிறதா என்று பார்ப்பேன். மேலே திருப்பி, அதே சரிவில் பின்னால் ஏற்றிப் பார்ப்பேன். உதறினாலோ கியர்பொக்ஸ் சூடு என்று எச்சரிக்கை காட்டினாலோ விலையைக் குறைத்துப் பேச வேண்டாம், விட்டுவிடுங்கள். இந்தப் பழுதுக்குப் போகும் காசில் பல வருடப் பெற்றோல் மிச்சம் கரைந்துவிடும்.

பெற்றோல் ரெய்ஸின் டர்போ வகை 996 சிசி, மூன்று சிலிண்டர். ஏறத்தாழ ஒரு தொன் எடை. சிசியைப் பார்த்து வரி போடும் நாட்டில் ஆயிரத்துக்குள் நிற்பதே அதன் பெரிய பலம். ஐந்து பேரும் ஏசியும் என்றால் ஏற்றத்தில் முனகும். டர்போ என்பதால் ஓயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள், பத்தாயிரம் வரை இழுக்காதீர்கள். ஒரு தகவல்: ரெய்ஸைச் செய்வது டைஹட்சு. ரெய்ஸ் ஹைபிரிட்டின் பக்கவாட்டு மோதல் சோதனையில் ஒரு பக்கத்துத் தரவையே மறுபக்கத்துக்கும் கொடுத்ததாக 2023 மே மாதம் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. விற்பனை நின்று, 2024 இல் மறுபடி தொடங்கியது. ஓட்டப் பயப்படத் தேவையில்லை, தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சுசுக்கி ஹஸ்லரையும் கேட்கிறார்கள். 660 சிசி வகை, நான்கு இருக்கைதான். அம்மம்மா வந்தால் ஒருவர் இறங்க வேண்டும்.

இனி, எங்கள் ஊருக்கே உரிய எதிரி. உப்பு. நிலாவெளியிலும் குச்சவெளியிலும் கடலைப் பார்த்த வீட்டு வாசலில் நிற்கும் வண்டி மேலே பளபளப்பாகத்தான் இருக்கும். தூக்கிப் பார்த்தால் சைலன்சர் பிடிகள், பிரேக் குழாய், பின் அச்சுப் பட்டை எல்லாம் பொருக்குத் தட்டியிருக்கும். ஜப்பானிலும் பனிப் பிரதேசங்களில் ரோட்டுக்கு உப்புத்தான் போடுகிறார்கள். அங்கே ஓடிய வண்டி இங்கே கடற்கரைக்கு வந்தால் இரட்டை அடி. ஜப்பானில் ஏலத்தில் விற்கும்போது வண்டியின் நிலையைக் குறித்துக் கொடுப்பது ஏலத் தாள். அதில் எஸ் என்ற எழுத்து துரு, சி அரிப்பு, தரத்தின் இடத்தில் ஆர் அல்லது ஆர்ஏ இருந்தால் அடிபட்டுத் திருத்தியது. தாளின் மூலப் பிரதியைக் கேளுங்கள், விற்பவர் அனுப்பும் மங்கலான படத்தை அல்ல. வாங்கிய பிறகு கடற்கரை மணலில் இறக்கிவிட்டு வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். இந்தச் சின்ன ஜீப்புகளில் பெரும்பாலானவை முன்சில்லில் மட்டும் ஓடுபவை. ஜீப் மாதிரி இருக்கிறது என்று ஈர மணலில் இறக்கி, உழவு இயந்திரம் கூப்பிடாதீர்கள்.

ஹைபிரிட் என்றால் பற்றறியின் காற்றுத் துவாரத்தையும் பார்க்க வேண்டும். டொயோட்டாவில் பெரும்பாலும் பின் இருக்கையோடு ஒட்டிய சிறு கம்பி வலைதான் அது. பிள்ளைகளின் பிஸ்கட் தூள், தலைமயிர், கடற்கரை மணல் எல்லாம் அதில் அடைந்து கிடக்கும். காற்று போகாவிட்டால் பற்றறி சூடாகும், சூடு அதன் ஆயுளைத் தின்னும். துப்புரவாக்க அரை மணி நேரம் போதும். வாங்குமுன் ஸ்கேனர் போட்டு பற்றறியின் ஒவ்வொரு புளொக்கின் (பகுதியின்) வோல்டேஜையும் பாருங்கள். ஒன்று மட்டும் தனியே தாழ்ந்து நின்றால் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள்.

பிள்ளை விஷயம். முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு போவதை ஊரில் தினமும் பார்க்கிறேன். எயார்பேக் விரியும் வேகம் பிள்ளையின் முகத்துக்கு நேரே வரும். பின் இருக்கையில் பிள்ளை இருக்கை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஆசனமும் வாங்குங்கள், அலங்கார விளக்குக்குச் செலவழிக்கும் காசில் பாதி போதும்.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. பார்க்க வருமுன்பே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். லிஃப்டில் ஏற்ற விடமாட்டேன் என்பவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும்.