மருத்துவக் கல்லூரியில் கிடைத்த பாட்டுப் புத்தகம்

கத்தோலிக்க ஆலயங்களின் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடல்கள் கிரகோரியன் இசை என்ற பெயரில் வெளியாகும் ஒலித்தட்டுகளின் உறையில் 'ஆயிரம் ஆண்டுப் பழைமை' என்று அச்சிடுகிறார்களே, ஒலியைப் பதிந்துவைக்கும் கருவி தோன்றியே ஏறத்தாழ 150 ஆண்டுதான் ஆகிறது, அப்படியிருக்க அன்றைய மெட்டு இதுதான் என்று எந்தத் துணிவில் பாடுகிறார்கள் என ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான ஐயம். பாட்டின் சொற்கள் ஏட்டில் ஏறித் தப்பிவிடும். மெட்டுக்கு அந்த வசதி நெடுங்காலம் இருக்கவில்லை. ஒலிகளை மனிதன் நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டால் அவை அழிந்துபோகும், ஏனெனில் அவற்றை எழுத முடியாது என்று 7ஆம் நூற்றாண்டில் செவில் நகரப் பேராயர் இசிதோர் எழுதிவைத்தார். அந்த முடிவை மாற்றி எழுதிய சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, பிரான்சின் தெற்கே மோன்பெலியே நகர மருத்துவக் கல்லூரியின் நூலகத்தில் 'எச் 159' என்ற எண்ணோடு இருக்கும் ஒரு தோல்தாள் சுவடி.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தம் ஆட்சிப்பகுதி முழுவதும் ரோம் நகரத்து முறைப்படியே வழிபாட்டுப் பாடல் பாடப்பட வேண்டும் என்று பிராங்கிய மன்னர் சார்லமேன் 789இல் ஆணையிட்டார். ஆண்டு முழுவதற்குமான திருப்பலிப் பாடல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பாடகர் ஒவ்வொருவரும் அவற்றை மனப்பாடமாகச் சுமக்க வேண்டியிருந்தது. புறா வடிவில் வந்த தூய ஆவியார் திருத்தந்தை கிரகோரியின் காதில் மெட்டுகளை ஓதினார் என்ற கதையும் பரவியது; சுவிட்சர்லாந்தில், கால் என்ற புனிதரின் பெயரிலுள்ள மடத்தில் கி.பி. 1000ஐ ஒட்டி ஹார்ட்கர் என்ற துறவி எழுதிய சுவடியில் அக்காட்சி ஓவியமாகவே தீட்டப்பட்டிருக்கிறது. கிரகோரி இறந்தது 604இல். இந்த மெட்டுகளை எழுதும் குறிகள் தோன்றியதோ 9ஆம் நூற்றாண்டில். விண்ணிலிருந்து இறங்கியது என்று ஒரு கலையைப் புகழும்போது, தொண்டை வறள அதை ஓதியும் ஓதுவித்தும் காத்த பெயர் தெரியாத மனிதர்களின் உழைப்பை நாம் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறோம் என்பது என் நெடுநாளைய மனக்குறை.

அந்தக் குறிகளுக்கு நியூம் என்று பெயர். பாடல் வரிக்கு மேலே, ஒவ்வோர் அசையின் தலையிலும் சிறு கோடு, கொக்கி, புள்ளி என இடுவார்கள். கீழிருந்து மேலே செல்லும் இரண்டு சுரங்களுக்கு ஒரு குறி, மேலிருந்து கீழே இறங்கும் இரண்டுக்கு வேறொரு குறி, ஏறி இறங்கும் மூன்றுக்கு இன்னொன்று. அதே புனித கால் மட நூலகத்தில் 359 என்ற எண்ணுள்ள சுவடி 10ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் எழுதப்பட்டது. முழுமையாக எஞ்சியுள்ள நியூம் சுவடிகளுள் மிகப் பழையதாக அதைக் கருதுகிறார்கள். அதிலுள்ள கோடுகளின் நேர்த்தியைப் பார்த்தால் கண் எடுக்க மனம் வராது. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாடலைக்கூடப் புதிதாகக் கற்க முடியாது. சுரம் ஏறுகிறது என்று அது சொல்லும். எத்தனை படி ஏறுகிறது என்று சொல்லாது. கிறிஸ்துமஸ் பகல் திருப்பலியின் தொடக்கப் பாடலான 'புவேர் நாத்துஸ் எஸ்ட் நோபிஸ்', முதல் அசையிலேயே பஞ்சமத்திலிருந்து மேல் ஸ்தாயி ரிஷபத்துக்குத் தாவுகிறது. வேறொரு பாடலில் பஞ்சமத்திலிருந்து அடுத்திருக்கும் தைவதத்துக்கு ஒரே படி ஏறினாலும் குறி ஏறத்தாழ அதேதான். மெட்டு ஏற்கெனவே நெஞ்சில் இருப்பவனுக்கு அது நினைவூட்டல்; இல்லாதவனுக்கு வெறும் கோலம்.

இங்கேதான் மோன்பெலியே சுவடி வருகிறது. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திஜோன் நகரத்துப் புனித பெனிஞ்ஞு மடத்தில் அது உருவானது. இத்தாலியிலிருந்து வந்த வோல்பியானோ கில்லோம், 990 முதல் 1031இல் தாம் இறக்கும்வரை, அம்மடத்தின் தலைவராக இருந்து அதன் ஒழுங்கையும் பாட்டையும் சீர்படுத்தியவர். சுவடியைத் திறந்தால் ஒவ்வொரு வரியும் மூன்று அடுக்காக இருக்கும். அடியில் லத்தீன் சொற்கள். உச்சியில் வழக்கமான நியூம் குறிகள். இரண்டுக்கும் நடுவே, வேறு சுவடிகளில் காண்பதற்கரிய விதத்தில், லத்தீன் அகரவரிசையின் எழுத்துகள்.

அந்த எழுத்துகள்தாம் சுரங்கள். அன்றைய லத்தீனில் 'ஜே' தனி எழுத்தாக இல்லாததால், 'ஏ'யில் தொடங்கும் முதல் 15 எழுத்துகள் சரியாக இரண்டு ஸ்தாயிகளை நிரப்புகின்றன. மேற்கத்தியர் 'சி' என்னும் சுரத்தை நாம் ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், 'ஏ' கீழ்த் தைவதம், 'சி' ஷட்ஜம், 'ஜி' பஞ்சமம், 'எச்' தைவதம், 'எல்' மேல் ரிஷபம் என்று வரிசை நீளும். நாம் ஸ்தாயி மாறியதும் அதே எழுத்துக்கு மேலோ கீழோ புள்ளி வைக்கிறோம். திஜோன் துறவி புள்ளிக்கு வேலை வைக்காமல் அடுத்த எழுத்துக்குப் போய்விட்டார். நிஷாதம் மட்டும் இரண்டு வகையாக வரும் என்பதால், அந்த இடத்து 'ஐ' என்ற எழுத்தையே இரண்டு வடிவங்களில் வரைந்து, நாம் கைசிகி, காகலி என்று பிரிப்பதைப் போலப் பிரித்துக் காட்டினார். 'புவேர்' பாடலின் அந்தத் தாவல் இம்முறையில் 'ஜி', 'எல்' என்ற இரண்டே எழுத்துகளில் ஐயத்துக்கு இடமில்லாமல் அடங்கிவிடுகிறது.

எழுத்தே போதுமென்றால் மேலே நியூம் எதற்கு? நான் இந்தச் சுவடியில் மனத்தைப் பறிகொடுத்தது இந்தக் கேள்வியில்தான். 'அல்லேலூயா'வின் கடைசி அசையில் பல சுரங்கள் தொடர்ந்து வரும். எழுத்துகளை மட்டும் பார்த்தால் அவை சரமாகக் கட்டாத உதிரிப் பூக்கள். எந்த இரண்டை ஒரே அசைவில் இணைக்க வேண்டும், எந்த மூன்று ஒரு கொத்து என்பதை மேலே உள்ள நியூம் சொல்கிறது. 'ம்', 'ன்', 'ல்', 'ர்' போன்ற மெய்யில் ஓர் அசை முடிந்து அடுத்த அசைக்கு நா நகரும் இடத்தில் குரல் மெலிந்து வழுக்க வேண்டும் என்பதையும், தன் வடிவத்தைச் சற்றே மாற்றிக் காட்டும் சிறப்பு நியூம்தான் உணர்த்தும். போதாததற்கு, இரண்டும் ஒன்றையொன்று காவலும் காக்கின்றன. ஏறும் இரட்டைக் குறியின் கீழே 'எச்', 'ஜி' என்று இறங்கும் எழுத்துகள் இருந்தால், எழுதியவர் கை எங்கோ தவறியிருக்கிறது என்று படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். செய்தியோடு கூடுதல் தகவலையும் அனுப்பிப் பிழையைக் கண்டுபிடிக்கும் இன்றைய கணினிக் குறியீட்டு முறையின் அடிப்படையும் இதுவே.

பாடல்களைத் திருவிழாக்களின் வரிசையில் வைக்காமல், பாடல் வகைப்படியும், ஏறத்தாழ நம் ராகப் பிரிவினையைப் போன்ற எட்டு முறைகளின்படியும் அடுக்கியிருப்பதால், இது பீடத்தில் வைத்துப் பாடுவதற்கன்றிப் பாடம் சொல்லிக்கொடுப்பதற்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலியில் அரெட்சோ குய்தோ என்ற துறவி, கோடுகளின் மீதும் அவற்றின் இடைவெளிகளிலும் குறிகளை இடும் முறையை வகுத்தார். பத்து ஆண்டு உழைத்தும் அரைகுறையாகவே கற்றவர்கள் இனி ஓரிரு ஆண்டுகளில் தேறிவிடலாம் என்று அவர் எழுதினார். கண்ணுக்கு எளிதான கோட்டு முறை வென்றது. எழுத்து முறை திஜோனிலிருந்து நார்மண்டிவரை பரவி, பின் வழக்கொழிந்தது.

பாட்டுப் புத்தகம் மருத்துவக் கல்லூரிக்குப் போனது பிரெஞ்சுப் புரட்சியின் விளைவு. பறிமுதலான பழைய நூலகங்களின் ஏடுகள் கேட்பாரற்றுக் குவிந்துகிடந்தபோது, மோன்பெலியேயில் படித்த வேதியியலாளர் ஷப்தால் உள்துறை அமைச்சராக இருந்தார். அவருடைய ஆதரவோடு கப்ரியேல் புருனெல் என்ற மருத்துவர் ஊர் ஊராகச் சென்று தம் கல்லூரிக்கு நூல்களைத் திரட்டினார். மருத்துவ நூல்கள் மட்டும் போதும் என்று அவர் நினைக்கவில்லை. இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கும் நிதிக்குழு ஒன்று அன்று அவருக்கு மேலே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, பயன்பாட்டுச் சான்றிதழ் இல்லாத ஆய்வுக்கு ஒரு ரூபாயும் கிடையாது என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

1847 டிசம்பர் 18 அன்று, பாரிஸ் நோத்ர தாம் ஆலயத்தின் ஆர்கன் இசைஞராக இருந்த பெலிக்ஸ் தான்ஷூ அந்த நூலகத்தில் இச்சுவடியைப் பிரித்தபோதுதான் அதன் பெருமை வெளிப்பட்டது. பழைய எகிப்திய எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல்லைப் போன்ற ஒன்று கிடைத்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். அந்த ஒப்புமை பாதிதான் பொருந்தும். எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எவருமே அன்று இல்லை. இங்கோ, 12, 13ஆம் நூற்றாண்டுகளின் கோட்டுமுறைச் சுவடிகளை எவரும் படிக்க முடிந்தது. அவற்றில் இருப்பது பழைய மெட்டுதானா, வழியில் திரிந்துபோனதா என்பதே கேள்வி. நியூம் காலத்துக்கும் கோட்டுமுறைக் காலத்துக்கும் நடுவில் நின்ற திஜோன் எழுத்துகள் பாலமாயின. பிரான்சின் சொலெம் மடத்துத் துறவிகள் 1889 முதல் பழைய சுவடிகளைப் புகைப்படப் பதிப்புகளாக வெளியிட்டு, ஒரே பாடலின் 200க்கு மேற்பட்ட பிரதிகளை அருகருகே வைத்துக் காட்டினார்கள். எச் 159 அவ்வரிசையில் 1901 முதல் 1905 வரை வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்த்தபோது, நாடு கடந்தும் நூற்றாண்டு கடந்தும் மெட்டுகளின் எலும்புக்கூடு வியக்கத்தக்க அளவுக்கு ஒன்றாகவே இருந்தது.

ஆகவே வாசகரின் கேள்விக்கு விடை: சுரங்கள் பெரும்பாலும் உறுதி, காலப்பிரமாணம் அந்த அளவுக்கு உறுதியில்லை. திஜோன் எழுத்துகள் நீளத்தைக் குறிப்பதில்லை. அதற்குப் புனித கால் சுவடிக்கே திரும்ப வேண்டும். அங்கே நியூமின் அருகில் 'விரைந்து' என்பதற்கு 'சி', 'பிடித்து நிறுத்து' என்பதற்கு 'டி' என்று சிற்றெழுத்துகள் இடப்பட்டிருக்கும். 1979இல் வெளிவந்த 'கிராதுவாலே திரிப்லெக்ஸ்' என்ற பதிப்பு, நான்கு கோடுகளில் சுரத்தையும், அதன் மேலும் கீழும் இரண்டு பழைய சுவடி மரபுகளின் நியூம்களையும் சேர்த்தே அச்சிடுகிறது. திஜோன் துறவியின் இரட்டை வரிசை ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் மூன்று வரிசையாகத் திரும்பிவந்ததுபோல் இருக்கிறது.

ஒரு வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. எச் 159இல், அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் மிக நெருங்கி நிற்கும் அரைச்சுர இடைவெளி அமையும் இடங்களில், வழக்கமான எழுத்துக்குப் பதிலாகச் சில தனிக் குறிகள் அவ்வப்போது வருகின்றன. அரைச்சுரத்திலும் நுண்ணிய ஓர் இடைவெளியைப் பாடச் சொல்கிறது என்று சிலர் படிக்கிறார்கள். குரலை எப்படி அசைக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு மட்டுமே என்பது மற்றவர்கள் கட்சி. சுரத்தை எழுதினால் அதை அசைத்துப் பாடும் கமகம் நழுவிவிடும் என்பதை அறிந்த காதுகளுக்கு இந்தச் சண்டை புதிதாக இராது. இன்றைய பாடகர் குழுக்கள் சில அந்த இடத்தில் குரலை மெல்ல நெளிக்கின்றன, சில நேராகவே கடந்து செல்கின்றன.