இறுகிப்போன தாடை மூட்டும் திசு ஒட்டு அறுவை சிகிச்சையும்

வாய் திறக்க முடியவில்லை என்று அழைத்து வரப்படும் குழந்தைகளின் பெற்றோரிடம் துருவிக் கேட்டால், ஆண்டுகளுக்கு முன் குழந்தை முகவாய் அடிபட விழுந்தது பெரும்பாலும் நினைவுக்கு வரும். காயத்துக்குத் தையல் போட்டிருப்பார்கள். அந்த அடி காதுக்கு முன்னாலுள்ள தாடை மூட்டின் முனையை உடைத்ததை எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். மூட்டுக்குள் கசிந்த இரத்தம் உறைந்து, நாராகி, நாளடைவில் எலும்பாகவே மாறிக் கீழ்த்தாடையை மண்டையோட்டுடன் ஒட்டிவிடுகிறது. காதில் பிடித்த சீழ் மூட்டுக்குப் பரவினாலும், ஆங்கிலோசிஸ் எனப்படும் இந்த மூட்டு இறுக்கம் வரலாம். ஆகவே முகவாயில் அடிபட்ட குழந்தை வாய் திறக்கும்போது தாடை ஒரு பக்கம் கோணினாலோ, திறக்கும் அளவு குறைந்துகொண்டே வந்தாலோ, காத்திருக்காமல் முகத்தாடை அறுவை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40 மி.மீ. அளவில் திறக்கும் வாய், முற்றிய நிலையில் சில மில்லிமீட்டர்கூடத் திறக்காது. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னுள்ள சந்தின் வழியே குழைத்த உணவை விரலால் தள்ளி உண்ணும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். வாய் திறக்காததால் சரியாகத் துலக்க முடியாமல் சொத்தையாகும் பற்களைவிட எனக்குக் கவலையளிப்பது, வளராத தாடையால் மூச்சுப்பாதை குறுகி உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதுதான். மயக்க மருந்து கொடுப்பதும் இதனால் கடினமாகி, மூக்கின் வழியே நுண்ணிய கேமராவின் துணையோடு சுவாசக் குழாயைச் செலுத்த நேர்கிறது.

சி.டி. ஸ்கேன் பார்த்துத் திட்டமிட்டு, காதின் முன்புறம் கீறி, முகநரம்பின் கிளைகளைக் காத்துக்கொண்டு, ஒட்டிய எலும்புத் திரளை முழுவதுமாக வெட்டியெடுக்கிறோம். அந்த இடைவெளியை வெறுமையாக விட்டால் இரத்தம் தேங்கி எலும்பு மீண்டும் முளைக்கக்கூடும் என்பதால், நெற்றிப்பொட்டுத் தசையின் ஒரு பகுதியை இரத்த ஓட்டம் கெடாமல் திருப்பி வைக்கலாம். அல்லது அடிவயிற்றிலிருந்து மேல்தோல் நீக்கிய தோலையும் கொழுப்பையும் எடுத்துத் திசு ஒட்டாக நிரப்பலாம். வெற்றிடம் முழுவதும் நிறைவதால் பின்னதையே நான் பெரிதும் விரும்புகிறேன். வளரும் குழந்தைகளுக்கு விலா எலும்பைக் குருத்தெலும்புடன் எடுத்துப் புதிய மூட்டு முனையாகப் பொருத்துவதுண்டு. ஆனால் அது எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ வளரக்கூடும் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும்.

எந்த ஒட்டு வைத்தாலும், சில நாட்களிலேயே பயிற்சி தொடங்காவிட்டால் மூட்டு மறுபடி இறுகக்கூடும். பற்களுக்கிடையே மரக்குச்சிகளை அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் இந்தப் பயிற்சி வலிக்கும், குழந்தை அழும், பெற்றோர் மனமிளகி நிறுத்திவிடுவார்கள். வலிநிவாரணி கொடுத்தாவது பயிற்சியை மாதக்கணக்கில் தொடர வேண்டும். ஒவ்வொரு வருகையின்போதும் வாய் திறக்கும் அளவை அளந்து குறித்து, அது குறையத் தொடங்கினால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.